ஓநாய்க் கூட்டத்தில் யார் பெரியவர்? ‘வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ்’ இருபதாம் ஆண்டுப் பதிப்பு

ஓநாய் மனிதர்களை வைத்து வரும் ஆட்டங்கள் பெரும்பாலும் நகத்தையும் பல்லையும்தான் விற்கும். 1992-ல் அமெரிக்காவின் ஒயிட் வுல்ஃப் நிறுவனம் வெளியிட்ட ‘வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ்’ அதோடு இன்னொன்றையும் விற்றது: அந்தஸ்து. கூட்டத்தில் யார் முதலில் பேசுவது, வேட்டையில் முதல் பங்கு யாருக்கு, தலைவனை எப்போது எதிர்க்கலாம் என்பதற்கெல்லாம் இதில் விதி உண்டு. ஆனிக்ஸ் பாத் நிறுவனம் தொகுத்த இருபதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு அந்த விதிகளை ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரே புத்தகத்தில் சேர்த்துவிட்டது. சண்டை அத்தியாயம் சுமார். அந்தஸ்து பற்றிய பகுதி மட்டுமே புத்தகத்தின் விலைக்குத் தகும்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி ஆடும் பாத்திர ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்தும் கதைசொல்லி. மற்றவர்கள் ‘காரூ’ எனப்படும் ஓநாய் மனிதர்கள். பத்து முகப் பகடைகளை உருட்டி, வழக்கமாக 6 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. 1 விழுந்தால் ஒரு வெற்றி கழியும்.

பாத்திரத்தின் இடத்தை மூன்று பிறப்புகள் தீர்மானிக்கின்றன: மனிதருக்கா, ஓநாய்க்கா, இரண்டு காரூக்களுக்கா பிறந்தது, எந்தக் குலம், எந்த நிலாவில் பிறந்தது. இதில் நிலாதான் முக்கியம், ஏனென்றால் கூட்டத்தில் வேலை அதை வைத்துத்தான். அமாவாசையில் பிறந்தவன் ராகபாஷ்: கேள்வி கேட்பவன், குறும்பன், ஒற்றன். பிறை நிலாவுக்கு தியர்ஜ்: ஆவிகளோடு பேசும் பூசாரி. பாதி நிலாவுக்கு ஃபிலோடாக்ஸ்: நடுவர். முக்கால் நிலாவுக்கு கேலியர்டு: பாணன். பௌர்ணமிக்கு அஹ்ரூன்: போர்வீரன். பாத்திரத்தின் கோபத்தை அளக்கும் ‘சினம்’ என்ற எண்ணும் தொடக்கத்தில் இதே வரிசையில் 1, 2, 3, 4, 5 என்று ஏறுகிறது. நிலா வளர வளர ஆள் கொதிக்கிறான். இந்த ஒரு வரிசையை நினைவில் வைத்தால் பாதிப் புத்தகம் புரிந்த மாதிரி.

வேலைப் பிரிவினை பெயரளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு முதல்நிலை வரங்களே, அதாவது காரூ கற்கும் சிறப்புச் சக்திகளே, சாட்சி. ஆவிகளின் பேச்சைப் புரிந்துகொள்வதும், கையால் தொட்டுக் காயத்தை ஆற்றுவதும் தியர்ஜுக்கு. எதிராளி சொல்வது பொய்யா என்று அறிவது ஃபிலோடாக்ஸுக்கு. வாய் திறக்காமல் கூட்டத்தோடு பேசுவது கேலியர்டுக்கு. பூட்டைத் திறப்பதும் தன் மணத்தை மறைப்பதும் ராகபாஷுக்கு. நகத்தைக் கூராக்குவது அஹ்ரூனுக்கு. அடுத்தவர் பட்டியலில் உள்ள வரத்தையும் கற்கலாம். ஆனால் சொந்தப் பட்டியல் என்றால் வரத்தின் நிலையை 3-ஆல் பெருக்கி ஆடி ஆடிச் சேர்க்கும் அனுபவப் புள்ளியைக் கட்ட வேண்டும், வெளிப்பட்டியல் என்றால் 5-ஆல். ஐந்து பேர் ஆடினால் ஐந்து நிலாவும் வந்துவிடும். மூன்றே பேர் என்றால் தியர்ஜை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவன் இல்லாத கூட்டம் ஆவியுலகத்தில் ஊமையாக நிற்கும், காயத்தோடும் நிற்கும். மூவரும் அஹ்ரூன் எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. இரண்டாம் ஆட்டத்திலேயே தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள்.

இனி படிநிலை. பயிற்சி முடியாத குட்டிக்குப் படி கிடையாது. சடங்கு முடித்தவன் க்லையத், முதல் படி. அதன் மேல் ஃபாஸ்டர்ன், ஆட்ரன், ஆத்ரோ, ஐந்தாவதாக மூத்தவர். எந்தப் படியில் நிற்கிறானோ அந்த நிலை வரைக்கும்தான் வரங்களைக் கற்க முடியும். படி ஏற அனுபவப் புள்ளி உதவாது, புகழ் வேண்டும். புகழ் மூன்று வகை. தமிழில் சொன்னால் வீரம், மானம், ஞானம். செயலுக்குச் செயல் தற்காலிகப் புள்ளி கிடைக்கும். ஒரே வகையில் பத்து சேர்ந்து, அதற்கான சடங்கும் நடந்தால் ஒரு நிலையான புள்ளி. சடங்கை நடத்த இன்னொரு காரூ வேண்டும். தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்ள வழியில்லை.

எந்தப் படிக்கு எவ்வளவு நிலையான புகழ் வேண்டும் என்ற அட்டவணையில்தான் எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. அஹ்ரூன் வீரம் 2, மானம் 1 என்று தொடங்குகிறான். இரண்டாம் படிக்கு 4, 1, ஞானம் 1. மூன்றாம் படிக்கு 6, 3, 1. நான்காம் படிக்கு 9, 4, 2. இதுவரை எதிர்பார்த்ததுதான், சண்டைக்காரன் சண்டை போட்டே ஏறுகிறான். மூத்தவர் ஆக என்ன வேண்டும்? வீரம் 10, மானம் 9, ஞானம் 4. கடைசித் தாவலில் வீரம் ஒன்றே ஒன்று கூடினால் போதும், மானமோ நான்கிலிருந்து ஒன்பதாக வேண்டும். இனி எத்தனை அரக்கனைக் கொன்றாலும் ஏற முடியாது. சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும், எளியவனைக் காக்க வேண்டும், சரணடைந்தவனை விட்டுவிட வேண்டும்.

மற்றவர்களுக்கும் இதே பொறிதான். தியர்ஜ் நான்காம் படியில் 4, 2, 9 என்று நிற்கிறான், மூத்தவராக 4, 9, 10 வேண்டும். ஏழு மானம்! தனியே ஆவிகளோடு உட்கார்ந்திருந்தவன் ஊருக்குள் வந்தே ஆக வேண்டும். ஃபிலோடாக்ஸுக்கு 3, 8, 4 என்பதிலிருந்து 4, 10, 9: நீதி மட்டும் தெரிந்தவன் ஞானத்தைத் தேட வேண்டும். கேலியர்டுக்கு 7, 2, 6 என்பதிலிருந்து 9, 5, 9. கூட்டிப் பாருங்கள், இந்த நால்வருக்கும் 23 வரும். ராகபாஷ் மட்டும் எந்த வகையிலும் சேர்க்கலாம், ஆனால் 25 வேண்டும். விதியை மதிக்காதவனுக்குச் சுதந்திரம் உண்டு, வட்டியும் உண்டு. பிறந்த நிலா எதைக் கொடுக்கவில்லையோ அதைச் சம்பாதித்த பிறகே மூத்தவர் நாற்காலி. இதை விளக்குவதற்குப் புத்தகம் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம். எண்களுக்குள் புதைத்துவிட்டதால் பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

குறை வேகத்தில் இருக்கிறது. அஹ்ரூன் முதல் படியிலிருந்து இரண்டுக்குப் போக மூன்று நிலையான புள்ளி, அதாவது முப்பது தற்காலிகப் புள்ளி: இருபது வீரம், பத்து ஞானம். ஒரு அமர்வுக்கு நான்கு புள்ளி கொடுக்கும் கதைசொல்லியிடம் எட்டு அமர்வு ஆகும், அதுவும் புள்ளிகள் சரியான வகையில் விழுந்தால். மாதம் இருமுறை கூடும் குழுவுக்கு நான்கு மாதம். நான்கு, ஐந்தாம் படிகளுக்கு இடையில் எண்பது புள்ளி, அங்கே கணக்கே போட வேண்டாம். வீரம் தானாகச் சேரும். ஞானத்துக்குக் கதைசொல்லி வேண்டுமென்றே வாய்ப்பு வைக்காவிட்டால் அஹ்ரூன் அங்கேயே தேங்குவான். ஒவ்வொரு அமர்விலும் சண்டை இல்லாத ஒரு சிக்கலையாவது வைப்பதும், கூட்டமாகச் செய்த செயலுக்கு எல்லாருக்கும் புள்ளி கொடுப்பதும் நடைமுறைத் தீர்வு. பத்துக்குப் பதில் ஐந்து என்று குறைப்பவர்களும் உண்டு. ஆட்டம் அதனால் உடைவதில்லை.

படி வேறு, தலைமை வேறு. புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். ஆரம்பத்தில் எல்லாரும் க்லையத் என்பதால் கூட்டத்தின் தலைவரை, அதாவது ஆல்ஃபாவை, சமமானவர்களுக்குள்ளேயே முடிவுசெய்ய வேண்டும். லிட்டனி என்ற பதின்மூன்று சட்டங்கள் இதற்கு வரம்பு கட்டுகின்றன: அமைதிக் காலத்தில் தலைவனை எப்போதும் எதிர்க்கலாம், போர்க்காலத்தில் எதிர்க்கவே கூடாது. மேலோருக்குப் பணி என்று ஒரு சட்டம், கீழோரை மதி என்று இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் நல்ல காட்சிகள் பிறக்கின்றன. சவால் மூன்று விதம்: கண்ணுக்குக் கண் முறைத்து அடக்குவது, புதிர் போன்ற போட்டி, நேரடிச் சண்டை.

சண்டையைத் தேர்ந்தால் நாள் பாருங்கள், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தோற்று அவமானப்பட்டவன் தன் சினத்தின் எண்ணிக்கையில் பகடை உருட்ட வேண்டிவரும். நான்கு வெற்றி விழுந்தால் வெறி பிடித்துவிடும், எதிரில் நிற்பது தோழனா என்றுகூடத் தெரியாது. இந்த உருட்டலில் ஒரு பகடை வெற்றியாக விழ வேண்டிய குறைந்தபட்ச எண் அமாவாசையில் 8, பௌர்ணமியில் 4. சினம் 5 உள்ள அஹ்ரூனுக்கு 1 கழியும் விதியையும் சேர்த்துக் கணக்கிட்டால், அமாவாசையில் வெறி பிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பௌர்ணமியில் நாற்பதைத் தாண்டும். மனவுறுதிப் புள்ளி ஒன்றைச் செலவழித்து அடக்கலாம், அது கையில் மிச்சம் இருந்தால். ஆகவே தலைமைச் சவாலைப் பௌர்ணமியில் வைப்பவர் பிணத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

தலைவனாக நினைக்கும் அஹ்ரூனுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. சினம் மனவுறுதியைவிட எவ்வளவு அதிகமோ, பிறரோடு பழகும் உருட்டல்களில் அத்தனை பகடை குறையும். ஷேடோ லார்ட்ஸ் குலத்துக்குத் தொடக்க மனவுறுதி 3. சினம் 5 என்றால் இரண்டு பகடை போச்சு. கவர்ச்சி 3, தலைமைத் திறன் 2 என்று ஐந்து பகடையோடு பேசப் போனவன் மூன்றை உருட்டுவான். பாத்திரம் உருவாக்கும்போது கிடைக்கும் 15 இலவசப் புள்ளிகளில் இரண்டை மனவுறுதிக்குப் போட்டால் இது தீர்ந்தது. ஒரு புள்ளிக்கு ஒரு மனவுறுதி, இதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது.

கூட்டத்துக்கு மேலே செப்ட், பல கூட்டங்கள் சேர்ந்து ஒரு புனித இடத்தைக் காக்கும் ஊர் போன்றது. காவல் தலைவர், சடங்குத் தலைவர், வாயில் காப்பவர், சவால்களுக்கு நடுவர் என்று பதவிகளின் பட்டியல் நீளம். எல்லாவற்றுக்கும் ஆள் போட்டால் கதைசொல்லி பெயர் மறந்தே செத்துப்போவார். மேலே சொன்ன நான்கு போதும். மனிதராகவோ ஓநாயாகவோ பிறந்து உருமாறாமலே இருந்துவிட்ட உறவினர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். புகழ் அட்டவணையில் அவர்களுக்கு இடமே இல்லை, ஆனால் இந்தச் சமூகம் நிற்பது அவர்கள் தோளில்தான்.

இரண்டு காரூக்களுக்குப் பிறந்த குழந்தையை இந்தச் சமூகம் பாவத்தின் விளைவாகப் பார்க்கிறது. உடற்குறையோடு பிறக்கும், மலடு, கூட்டத்தில் கடைசி இடம். சாதிக் கொடுமையை மேசையில் பேச இது வழி என்று வாதிடலாம். ஆனால் உடற்குறையைப் பெற்றோரின் பாவத்தோடு முடிச்சுப் போட்டதும், அந்தப் பிரிவுக்குக் கனடாவில் இன்றும் வாழும் மெட்டீஸ் மக்களின் பெயரை வைத்ததும் எந்த வாதத்துக்கும் அடங்காது. 2023-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தப் பிறப்புப் பிரிவையே எடுத்துவிட்டது, சரியான முடிவு. பழைய பதிப்பை வாங்குபவர்கள் அந்தப் பெயரையாவது மாற்றிக்கொள்ளலாம். விதி எதுவும் பாதிக்கப்படாது.

நிஜ ஓநாய்கள் இப்படியா வாழ்கின்றன? இல்லை. ஆல்ஃபா, அடிதடி, அடக்குமுறை என்ற படம், விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கெல் 1947-ல் பாசெல் உயிரியல் பூங்காவில் கூண்டிலிருந்த ஓநாய்களைப் பற்றி எழுதியதிலிருந்து பரவியது. அந்தப் படம் பரவ ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக்கின் 1970-ஆம் ஆண்டுப் புத்தகமும் ஒரு காரணம். அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் 1998 வரை கோடைதோறும் காட்டு ஓநாய்களைப் பார்த்துவிட்டு, 1999-ல் தன் கருத்தைத் திருத்தினார்: காட்டில் ஒரு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைமைக்குச் சண்டை அங்கே அரிது. ஆட்டம் 1992-ல் வந்தது என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஓநாய்க்குப் பிறந்த பாத்திரத்தை ஆடுபவர்களுக்கு இது ஒரு நல்ல ஆயுதம்: ‘எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதிர்த்ததில்லை, இந்தப் பழக்கம் உங்கள் மனித ரத்தத்திலிருந்து வந்தது’ என்று மூத்தவர் முன்னால் சொல்லிப் பாருங்கள்.

வாங்குவதென்றால் டிரைவ்த்ரூ ஆர்பிஜி தளத்தில் பிடிஎஃப் ஆகவும், ஆர்டருக்கு அச்சடித்தும் கிடைக்கிறது. ஆடும்போது பக்கம் தேடிச் சலித்துப்போகும் அளவுக்குப் பெரிய புத்தகம் என்பதால் தேடுவதற்கு பிடிஎஃப் நல்லது. லிட்டனி, புகழ் கொடுக்கும் பட்டியல், படிநிலை அட்டவணை ஆகியவற்றைத் தனியே அச்செடுத்து மேசை நடுவில் வையுங்கள். புகழ்ப் பட்டியலை ஆடுபவர்களும் பார்க்கட்டும். எதற்குப் புள்ளி என்று தெரிந்தால்தான் அஹ்ரூன் ஒருநாளாவது வாளை உறையில் போட்டுவிட்டுப் பேச்சுக்கு உட்காருவான்.