தோப்பு கேட்டுக்கு ரெட் லெட்டா, ரெட் ஆக்சைடா?

காவேரிப்பட்டினம் பக்கம் எங்க மாந்தோப்புல அப்பா காலத்து இரும்பு கேட்டு ஒண்ணு இருக்கு, துரு ஏறிப்போச்சு. வெல்டிங் அண்ணன் பாத்துட்டு "ரெட் லெட் கெடைச்சா வாங்கிட்டு வாப்பா, அத மிஞ்ச எதுவும் இல்ல"ன்னாரு. கடையில கேட்டா ரெட் ஆக்சைடு டப்பாவ நீட்டுறாங்க. ரெண்டும் பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற செவப்பு ப்ரைமர்தானேன்னு நெனச்சேன், இல்லீங்க.

ரெட் லெட்னா ஈயச் செந்தூரம், பளிச்சுனு ஆரஞ்சா இருக்கும், பொடியே தண்ணிய விட எட்டு மடங்குக்கு மேல கனம். ஆளி விதை எண்ணெயில கலந்தா ஈயமும் எண்ணெயும் சேந்து ஒரு மாதிரி சோப்பா மாறி துருவ அடக்கிடும், கொஞ்சம் துரு மிச்சம் இருந்தாலும் ஒட்டிக்கும், கப்பலுக்கும் பாலத்துக்கும் அந்தக் காலத்துல இதத்தான் அடிச்சாங்க. அண்ணன் சொன்னது பொய் இல்ல. ரெட் ஆக்சைடு வெறும் இரும்புத் துருப் பொடிதான், செங்கல் கலரு, வெல கம்மி. அது தண்ணிய தடுக்கும், அவ்ளோதான், துருவோட சண்டை போடாது. அதனால சுத்தமா தேய்க்காம அடிச்சா ரெண்டு மழையில உரிஞ்சிரும். இன்னொண்ணு, டப்பாவுல ஜிங்க் குரோம்னு போட்டிருந்தா வாங்காதீங்க, ஈயம் போயி குரோமியம் வந்த கதை, அதுவும் கேன்சர் சமாச்சாரம்.

ஆனா ரெட் லெட் அடிக்கிறப்ப விட சொரண்டுறப்பதான் ஆபத்து ஜாஸ்தி. கிரைண்டர் போட்டா தூசி, கேஸ் நெருப்பு வச்சா புகை, ரெண்டும் மூச்சுல போயிரும். ரத்த சோகை, வயித்து வலி, கிட்னி, பிபி எல்லாம் வரும், கொழந்தைங்களுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும். இவ்ளோ வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே கெடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 90 பங்கு, தாண்டக்கூடாதுன்னு 2016ல ரூல் வந்து 2017 நவம்பர்ல அமலாச்சு, ஆனா அது வீட்டு, அலங்கார பெயிண்டுக்கு மட்டும்தான்.

எங்க கேட்டுலயும் பச்சை பெயிண்டுக்கு அடியில ஆரஞ்சு தெரிஞ்சுச்சு. கிரைண்டர எடுத்த அண்ணன நிறுத்தி, தார்ப்பாய் விரிச்சு, தண்ணி தெளிச்சு தெளிச்சு கையாலேயே சொரண்டுனோம், பசங்கள பாட்டி வீட்டுக்கு அனுப்பிட்டோம். மூஞ்சில துண்டு கட்டுனா பத்தாது, தூசிக்குன்னு இருக்குற மாஸ்க் வேணும். போட்டிருந்த துணிய தனியா தொவைச்சோம்.

கடைசியா வாங்குனது ஜிங்க் பாஸ்பேட் ப்ரைமர். ரெட் ஆக்சைடவிட வெல கொஞ்சம் கூட, ஆனா ஈயமும் இல்ல குரோமியமும் இல்ல, துருவையும் ஓரளவு தடுக்கும். சொரண்டுன செதிலு சாக்குல கட்டி மோட்டார் ரூம்லயே கெடக்கு, மாமரத்தடியில கொட்ட மனசு வரல.