ரெட் டாட் சைட்: பேட்டரி அறை அடியில் இருந்தால் வேண்டாம்

பண்டிகைச் சலுகையில் விலை இறங்கியிருக்கிறது, ஏர் பிஸ்டலுக்கு ஒரு ரெட் டாட் சைட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி) வாங்கலாமா அண்ணா என்று பெருந்துறைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவர் பார்த்து வைத்திருப்பது நான் நெடுநாளாகப் பயன்படுத்தும் அதே மாடல். வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அது எனக்குக் கொடுத்த சுகத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு இது வரம். சாதாரணப் பிஸ்டலில் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காட்டும். நாற்பதைத் தாண்டியபின் கையெட்டும் தூரத்து முன்குறி மங்கிவிடுகிறது. ரெட் டாட்டில் எல்.இ.டி. ஒளி கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகத் திரும்புவதால் புள்ளி தொலைவில் இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்கிறது. இலக்கைப் பார்த்தால் போதும், இரண்டும் தெளிவு. இரு கண்களையும் திறந்தே சுடலாம். சர்வதேச விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்குத் திறந்த குறி, அதாவது கண்ணாடியில்லாத பின்குறியும் முன்குறியும், மட்டுமே அனுமதி என்பதால் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது உதவாது. நான் சோமனூர் பக்கம் தறி நிறுத்திய குடோன் ஒன்றில் மாலை நேரத்தில் சுடுகிறவன்; எனக்கு அந்தக் கவலை இல்லை.

புள்ளியின் அளவில் கவனம் வேண்டும். புள்ளியை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அது. ஒரு எம்.ஓ.ஏ. என்பது 10 மீட்டரில் ஏறக்குறைய 3 மி.மீ. அப்படியானால் 3 எம்.ஓ.ஏ. புள்ளி 9 மி.மீ. அளவுக்கு மறைக்கும், இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையம் 11.5 மி.மீ. என்பதால் சுற்றிலும் விளிம்பு தெரியும். 6 எம்.ஓ.ஏ. வாங்கினால் பத்தே மறைந்துபோகும். ஒளியைக் கண்ணுக்குத் தெரியும் அளவில் குறைந்தபட்சமாக வையுங்கள். கூட்டினால் புள்ளி சிதறி நட்சத்திரமாகிவிடும். இன்னொன்று, புள்ளி கண்ணாடியின் எந்த மூலையில் தெரிந்தாலும் அது காட்டும் இடத்துக்கே குண்டு போகும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். 50 மீட்டரில் அது ஏறக்குறைய சரி. 10 மீட்டரில் புள்ளி ஓரத்துக்கு ஒதுங்கினால் ஒரு வளையம் போய்விடும். நடுவில் பிடித்துப் பழகுங்கள்.

சைட்டை மாட்டப் பிஸ்டலில் இருப்பது 11 மி.மீ. டவ்டெயில் என்ற குறுகிய தண்டவாளம், சைட்டுக்குத் தேவை பிக்காட்டினி ரெயில் என்ற அகலமான, குறுக்குவெட்டுகள் கொண்ட தண்டவாளம். இடையில் மாட்டும் அடாப்டரைக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கினேன். ஸ்பிரிங் பிஸ்டல் முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் உதைக்கும். அந்த உதையைத் தாங்காத சைட்டுகள் பல உண்டு, இது தாங்கியது. கண்ணாடி கலங்கவில்லை, புள்ளி நடுங்கவில்லை.

குறி திருத்துவதைக் கூரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடம் வரை அடிக்கும்போது, அரை கிராம் பெல்லட்டை (ஏர் பிஸ்டல் குண்டை) வெட்டவெளியில் நம்பிச் சைட்டின் குறி திருத்தும் திருகைத் தொடக்கூடாது. ஐந்து குண்டு சுட்டு, அவற்றின் மையத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும். திருகின் ஒரு கிளிக் ஒரு எம்.ஓ.ஏ. என்றால், 15 மி.மீ. இடப்பக்கம் விழுந்ததற்கு வலப்பக்கம் ஐந்து கிளிக். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அந்த வேலையை ஒவ்வொரு பேட்டரிக்கும் செய்ய வைக்கிறது இந்தச் சைட்! பேட்டரி அறையின் மூடி அடிப்பக்கத்தில் இருக்கிறது. இதற்கான சிஆர்2032 பொத்தான் பேட்டரி எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். அதை மாற்றச் சைட்டையே கழற்ற வேண்டும். 40 மி.மீ. நீள அடித்தளத்தின் ஒரு முனை 0.1 மி.மீ., அதாவது ஒரு தலைமுடி அளவு, விலகி உட்கார்ந்தால் 10 மீட்டரில் 25 மி.மீ. தள்ளிப்போகும். அது மூன்று வளையம். திருகுகளை எவ்வளவு பொறுமையாக மாறிமாறி இறுக்கினாலும் பழைய இடத்தில் அது உட்காருவதே இல்லை. தானாக அணையும் வசதியும் கிடையாது என்பதால் பேட்டரி விரைவில் தீர்கிறது. குண்டுகள் நன்றாகச் சேர்ந்து விழுந்துகொண்டிருக்கும் மாலையில் புள்ளி மங்கும்போது வரும் ஆத்திரத்தை எழுத முடியவில்லை. பட்டறைக்காரர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பக்கவாட்டில் அறை தோண்ட இடம் இருக்கிறதே, ஏன் அடியில் வைத்தார்கள்?" என்று கேட்டார். நானும் அதைத்தான் கேட்கிறேன். இவ்வளவு நல்ல கண்ணாடியைச் செய்யத் தெரிந்தவருக்கு ஒரு மூடியை எங்கே வைப்பதென்று தெரியாதா?

இதைக் கழற்றிவிட்டுத் திறந்த குறிக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. ஆனாலும் தம்பி, நீங்கள் இதை வாங்காதீர்கள். மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ பேட்டரி மாற்றும் சைட்டாகத் தேடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் சரி. விற்பவரிடம் அடிப்பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வட்ட மூடி ஒன்று அங்கே தெரிந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.