மாத அட்டவணையா, அன்றன்றைக்கா? சின்ன அமைப்புகளின் போஸ்ட் கணக்கு

வடசென்னையில், வியாசர்பாடியில் மாலை வகுப்பு நடத்தும் ட்ரஸ்ட்டோ, காசிமேட்டில் கருவாடு விற்கும் பெண்கள் குழுவோ, கொருக்குப்பேட்டையில் துணிப்பை தைக்கும் யூனிட்டோ, எங்கே போனாலும் சோஷியல் மீடியா வேலை ஒரே ஒருவர் தலையில்தான் விழுகிறது. கணக்கு எழுதுவதும் அவர்தான், பார்சல் கட்டுவதும் அவர்தான். அவருக்கு மூன்று வழி இருக்கிறது: மாதம் முழுக்க முன்கூட்டியே திட்டம் போட்டு ஷெட்யூல் செய்வது, நடக்க நடக்கப் போடுவது, காசு கொடுத்து வெளியே ஒப்படைப்பது.

பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் முதல் வழியைத்தான். கூகுள் ஷீட்டில் தேதி, படம், கேப்ஷன், யார் பொறுப்பு என்று நான்கு பத்தி, டிசைனுக்குக் கான்வா, மெட்டா பிசினஸ் சூட்டில் ஏற்றிவிட்டால் ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சொன்ன நேரத்துக்குத் தானாகப் போய்விடும். இதற்கெல்லாம் காசு கிடையாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனமாக இருந்தால், விண்ணப்பித்து அனுமதி கிடைத்தபின் கான்வாவின் கட்டண வசதிகளையே இலவசமாகப் பயன்படுத்தலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

சிக்கல் என்னவென்றால், 30 கட்டம் இருந்தால் 30-ஐயும் நிரப்பக் கை பரபரக்கும். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் உலக முதியோர் தினம், உலகப் புன்னகை தினம் என்று எதையாவது பிடித்துப் போடுவோம். அதே டெம்ப்ளேட்டை அண்ணாநகரில் ஒரு பல் டாக்டரும் போட்டிருப்பார். நம் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு இதிலிருந்து நம்மைப் பற்றி என்ன தெரியும்?

இன்னொன்று, ஷெட்யூலுக்கு வானிலை தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவெல்லாம் தண்ணீர் நின்று, எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கசிவும் சேர்ந்துகொண்டதே, அப்படி ஒரு வாரத்தில் காலை 9 மணிக்கு “இந்த வார ஆஃபர்!” என்று ஒரு போஸ்ட் தானாகப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மாத ஷெட்யூலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நடக்க நடக்கப் போடுவதில் உயிர் இருக்கும். நெத்திலியை அலசி வலையில் பரப்பும்போது எடுத்த ஒரு சின்ன வீடியோ, பின்னாலிருந்து ஒரு அக்கா “ஏய், காலை எடு, மிதிச்சிடாத!” என்று கத்துவதோடு சேர்த்து, வெட்டாமல் ஒட்டாமல் ஸ்டேட்டஸில் போடுங்கள், கிலோ எவ்வளவு என்று மெசேஜ் வரும். எந்த டிசைனும் இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் வேலை அதிகமான மாதம் ஒன்றுமே போடாமல் போய்விடும். பணம் தரலாமா என்று யோசிக்கும் ஒருவர் பேஜைத் திறந்தால் கடைசிப் போஸ்ட் போன பொங்கலுக்குப் போட்டதாக இருக்கும், இவர்கள் இன்னும் நடத்துகிறார்களா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் அவசரம் இன்னும் ஆபத்து. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், படம், பள்ளி எதுவும் வெளியே வரக் கூடாது என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. மற்றப் பிள்ளைகள் என்றாலும் அப்பா அம்மாவைக் கேட்காமல் போடாதீர்கள்.

எனக்கு ஒத்துவருவது இரண்டும் கலந்த ஒன்று. வாரத்துக்கு இரண்டு போஸ்ட் முன்கூட்டியே தயார், மீதி காலி, அன்றன்றைக்கு வருவதைப் பொறுத்து. அந்த இரண்டையும் உலக தினங்களை வைத்து அல்ல, இந்தப் பகுதியின் வருடத்தை வைத்து முடிவு செய்யலாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகுகள் கடலுக்குப் போகாது. கருவாட்டுக் குழு பேச வேண்டிய நேரம் அதுதான், அதற்கான படங்களை மார்ச்சிலேயே எடுத்துவைக்க வேண்டும். மாலை வகுப்புக்கு ஜூனில் பள்ளி திறப்பு. நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் 80ஜி சான்றிதழ் உள்ள ட்ரஸ்ட் என்றால் மார்ச் 31-க்கு முன்னால் அதை நினைவூட்டலாம், பழைய வரி முறையில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்தச் சலுகை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அக்டோபர் 2 முதல் 8 வரை ‘தான் உத்சவ்’ (Daan Utsav) என்ற கொடைத் திருவிழா வருகிறது, அது கொடுப்பவர்கள் தேடி வரும் வாரம்.

எங்கே போடுவது என்பதில் பெரிய அலசல் தேவையில்லை. புது ஆட்கள் கண்ணில் பட இன்ஸ்டா ரீல்ஸ், ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்கும் கொடுக்கிறவர்களுக்கும் வாட்ஸ்அப். ஒரே மெசேஜைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஆர்டர் எடுக்கும்போதே “நம்பரை சேவ் பண்ணிக்கோங்க அண்ணா” என்று சொல்லிவிடுங்கள்.

வெளியே ஒப்படைப்பதா? மாதம் 12 போஸ்ட், 4 ரீல்ஸ் என்று பேக்கேஜ் பேசுவார்கள். இடத்துக்கு வந்து படம் எடுக்கிறவர்களா, நீங்கள் அனுப்பும் போட்டோவில் எழுத்து மட்டும் போட்டுத் தருகிறவர்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் அந்தக் காசில் உங்கள் குழுவிலேயே போன் பழகிய ஒரு தங்கைக்கு மைக்கும் டேட்டாவும் வாங்கிக் கொடுத்துவிடலாம். முதல் வகைக்கே கொடுத்தாலும் பேஜின் முழு அட்மின் உரிமையும் அதோடு இணைந்த போன் எண்ணும் அமைப்பின் கையிலேயே இருக்கட்டும், ஏஜென்சிக்காரர்களுக்கு எடிட் செய்யும் அளவுக்கு அனுமதி போதும்.