கிள்ளான் முடி வெட்டுற கடை: கட்டிங் சூப்பர், வெயிட்டிங் கொடுமை, அரசியல் இலவசம்

மலேசியாவுல, கிள்ளான் லிட்டில் இந்தியாவுல, தெங்கு கிளானா ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல இருக்குற கடை. மூணு வருசமா அங்கதான் தலையக் குடுக்குறேன். பேரு போட மாட்டேன், இப்பவே சனிக்கிழமைனா ஒரு மணி நேரம் உக்காரணும், இதுல நீங்களும் வந்தீங்கன்னா முடிஞ்சுது கதை.

நாலு நாற்காலி இருக்கு ஆனா ரெண்டுலதான் வேலை நடக்கும், மத்த ரெண்டுலயும் துண்டு காயும். ஏன்ணேனு கேட்டா போதும் முதலாளி ஆரம்பிச்சிடுவாரு. 2009ல முடி வெட்டுற கடை, ஜவுளிக்கடை, நகைத் தொழில் மூணுக்கும் வெளிநாட்டு ஆளு எடுக்குறத நிறுத்துனாங்க, 2023ல மூணுக்கும் சேத்து 7,500 பேர எடுக்கலாம்னாங்க, அதுல நமக்கு என்னத்த வந்துச்சு, வெளிநாட்டு ஆளுக்கு அரசாங்கத்துக்குக் கட்டுற லெவி வேற வருசத்துக்கு 1,850 வெள்ளி (ரிங்கிட்), உள்ளூர் பையன் எவனும் வர மாட்றான்னு ஒரே புலம்பல். வர மாட்டான்தான்ணே, 1,700 வெள்ளிக்கு பத்து மணி நேரம் நிக்கச் சொன்னா அவன் மோட்டார எடுத்துக்கிட்டு சாப்பாடு டெலிவரி பண்ணப் போயிடுவான்ல.

வெட்டுறது புதுக்கோட்டை தம்பி. கை அப்படி ஒரு கை. சைடுல மிஷின் போட்டுட்டு மேல கத்திரியாலதான் வெட்டுவான், காது ஓரம் கத்தி வச்சான்னா கோடு போட்ட மாதிரி நிக்கும். 15 வெள்ளிதான். தலை மசாஜுக்குத் தனியா 10, கண்ணு சொருகிடும்.

போன சனிக்கிழமை நாற்காலில லோரி ஓட்டி ரிட்டையர் ஆன அங்கிள் ஒருத்தர், பசாரு பூரா பங்களாக்காரன் (பங்களாதேஷ்காரன்) கையில போயிடுச்சு, எல்லாரையும் பிடிச்சு அனுப்பணும்னு கத்துறாரு, தம்பி அவரு கழுத்துல சவரக் கத்திய வச்சிக்கிட்டு "அங்கிள், தலைய ஆட்டாதீங்க"ன்னான். எனக்கு சிரிப்ப அடக்க முடியல.

பக்கத்துல இருந்த சீன அங்கிள், லைசென்ஸ் உள்ளூர்க்காரன் பேருலதானே இருக்கு, கடைய பங்களாக்காரனுக்கு வாடகைக்கு விடுறது யாருன்னு மலாய்ல ஒரு போடு போட்டாரு. கிராப் டாக்சி ஓட்டுற மலாய்க்கார அண்ணன் "செமுவா மஹால்"னாரு, ஆமா எல்லாமே வெலதான்னு மூணு பேரும் அஞ்சு நிமிசம் ஒத்துமையா தலையாட்டுனாங்க, வீட்டு வாடகை, மீன் வெல, எண்ணெய் வெலன்னு. அதோட நிறுத்தியிருக்கலாம். நம்ம லோரி அங்கிள், யூனிவர்சிட்டிக்கு முந்துன மெட்ரிகுலேஷன் படிப்புல 90 சதவீதம் எடம் பூமிபுத்ரா உங்களுக்குத்தானேன்னு இழுத்தாரு. அந்த அண்ணன், 1971லேர்ந்து கம்பெனி பங்குல பூமிபுத்ராவுக்கு 30 சதவீதம் 30 சதவீதம்னு சொல்றாங்க, அது என் கையில வந்திருந்தா நான் ஏன் பன்னண்டு மணி நேரம் காரு ஓட்டுறேன்னாரு. கடையே கப்சிப். முதலாளி எந்திரிச்சு டிவி சத்தத்தக் கூட்டுனாரு.

எனக்குக் கடுப்பானது வேற விசயம். நம்மள ஒருத்தன் பென்டாத்தாங், அதாவது வந்தேறின்னு சொன்னா எப்படிக் கொதிக்கிறோம், அதே வார்த்தைய அங்கிள் பங்களாக்காரனுக்கு சாதாரணமா எடுத்து விடுறாரு. எங்க தாத்தாவே இந்தியாவுலேர்ந்து ரஜுலா கப்பல்ல வந்து ரப்பர் தோட்டத்துல பால் மரம் சீவுனவரு. அந்தத் தம்பியோட பெர்மிட் ஒரே முதலாளி பேருல, பக்கத்துக் கடைல 300 வெள்ளி கூடக் குடுத்தாலும் நகர முடியாது. அவன் சம்பளம் அங்கயே நின்னா உள்ளூர் பையனுக்கு மட்டும் எப்படி ஏறும், சொல்லுங்க. இத யாரும் பேச மாட்றாங்க, வந்தவனத் திட்டுறது ஈசி.

காசு குடுக்குறப்ப அங்கிள் தம்பிகிட்ட, எப்பலா ஊருக்குப் போறனு கேட்டாரு. பெர்மிட் மார்ச்சுல முடியுது, புதுப்பிச்சாதான் தெரியும் அங்கிள்னான். "ஏய் போயிடாதலா, வேற எவன் கையும் எனக்கு ஒத்து வராது"ன்னுட்டு அஞ்சு வெள்ளி டிப்ஸ் வேற.

கட்டிங்குக்கு 5க்கு 5, ஏர்கண்டுக்கு 2, ஒழுகுது, பக்கெட் வச்சிருக்காங்க. செவ்வாக்கிழமை காலைல போங்க, பார்க்கிங் கெடைக்கும், அங்கிளும் இருக்க மாட்டாரு.