உரக்கடைக்கு வாங்கிய வெள்ளத் தடுப்புப் பலகை: வாசலை மறித்தது, வீட்டை அல்ல

எங்கள் உரக்கடை சீர்காழியில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்கட்டில் இருக்கிறது. நடுவில் முற்றம் வைத்த வீடு, பின்கட்டில் கிடங்கு. 2022 நவம்பர் 11ஆம் தேதி ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்றைக்கு அடிவரிசை யூரியா மூட்டைகள் அத்தனையும் கரைந்து தெருத் தண்ணீரோடு போயின. நெல் நனைந்தால் காயவைத்து ஏதோ ஒரு விலைக்குத் தள்ளலாம். யூரியாவுக்கு அந்த வழியும் இல்லை. அந்த நஷ்டத்தைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் வாசலில் மாட்டும் வெள்ளத் தடுப்புப் பலகையை வாங்கினேன். அப்புறம் வந்த கார்த்திகை மழை அதை நன்றாகவே சோதித்துவிட்டது என்பதால் இதை எழுதுகிறேன்.

பொருள் சிக்கலானது இல்லை. ஒரு சாண் உயர அலுமினியப் பலகைகள். வாசலின் இரு பக்கமும் காடி வெட்டிய சட்டத்தைச் சுவரில் திருகி வைத்துவிடுகிறார்கள். மழை எச்சரிக்கை வந்தால் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காடியில் இறக்கி, மேலே உள்ள திருகை இறுக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் நசுங்கித் தரையைக் கவ்விக்கொள்ளும். பொருத்துகூலியோடு ஒரு வாசலுக்கு 18,500 ரூபாய் ஆனது.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். பலகைக்கு எடையே இல்லை. நான் கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி தனியாக மாட்டி முடித்துவிட்டார். துரு கிடையாது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோதும் பலகைகளின் இணைப்பு வழியே ஒரு சொட்டு வரவில்லை. மணல் மூட்டை அடுக்குவதற்கு ஆள் தேடி அலைந்த காலத்தை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

விற்க வந்த தம்பி போனில் ஒரு படம் காட்டினார். நீளமான கான்கிரீட் சுவர், ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் தாழ்வில் வீடுகள். “அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் சார். பாதி ஊரு கடல் மட்டத்துக்குக் கீழ. இந்த மாதிரி சுவரு வச்சுத்தான் நிக்குது. நம்ம பலகையும் அதே டெக்னிக்தான்” என்றார். அந்த ஊரை அவர் உதாரணம் காட்டியிருக்கவே வேண்டாம். 2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரீனா புயல் வந்தபோது அந்தச் சுவர்கள் உடைந்துதான் நகரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் முழுகியது. சில இடங்களில் தண்ணீர் சுவரைத் தாண்டி வழிந்து, பின்பக்கம் விழுந்து, மண்ணை அரித்துச் சுவரைச் சாய்த்தது. அதையாவது புயலின் கணக்கில் எழுதலாம். ஆனால் 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடுவதற்கு முன்பே சுவர் போய்விட்டது. அடியில் இறக்கியிருந்த இரும்புத் தகடுகளின் ஆழம் போதவில்லை. ஓரிடத்தில் கீழே இருந்த இளகிய களிமண் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. இன்னோரிடத்தில் மணலுக்குள் புகுந்த தண்ணீர் சுவருக்கு அடியிலேயே வழி செய்துகொண்டது. கட்டிய ராணுவப் பொறியாளர் படையே மறு ஆண்டு வடிவமைப்பில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது.

என் அப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கொள்ளிடக் கரையில் லஸ்கராக, அதாவது ஆற்றுக் கரையையும் மதகையும் காவல் பார்க்கும் ஊழியராக, வேலை பார்த்தவர். வெள்ள காலத்தில் ராத்திரி டார்ச்சோடு போனால் கரையின் மேல் நடப்பதைவிட வெளிப்பக்க அடிவாரத்தில்தான் அதிகம் நடப்பாராம். எங்கேயாவது ஊத்து கிளம்புகிறதா, வருகிற தண்ணீர் தெளிவா கலங்கலா என்று பார்ப்பதுதான் வேலை. தெளிவாக வந்தால் கசிவு, கண் வைத்திருந்தால் போதும். கலங்கலாக வந்தால் கரையின் மண் கூடவே கழன்று வருகிறது என்று அர்த்தம். உடனே சவுக்குக் கட்டை, மணல் மூட்டை, வைக்கோல் என்று ஆள் ஓடும். நண்டு வளை, எலி வளை, மதகின் கட்டுமானம் மண்கரையோடு சேரும் இடம், இந்த மூன்றைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். பலகையை மாட்டியதும் அவர் அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. சட்டம் தரையைத் தொடும் மூலையில் குனிந்து விரலை வைத்தார். “தம்பி, இங்கதான் வரும்.”

அங்கேதான் வந்தது. பொருத்த வந்தவர்கள் வாசற்படியைச் சமன் செய்யாமல், மேடு பள்ளமான சிமெண்ட் மேலேயே சிலிகானைப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். பளபளப்பான கருங்கல் படியாக இருந்தால் ரப்பர் நன்றாகக் கவ்வியிருக்கும். அடுத்தது சுவர். எங்களுடையது சுண்ணாம்புக் காரை வைத்த செங்கல் சுவர், தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்பக்கம் வேர்க்க ஆரம்பித்தது. இதெல்லாம் துணி போட்டு ஒற்றி எடுக்கிற அளவுதான். கழிவறைக் குழாய்தான் ஆளைக் கவிழ்த்தது. தெருச் சாக்கடை நிரம்பியதும், வெளியே போக வேண்டியது கொப்பளித்துக்கொண்டு உள்ளே வந்தது. வாசலில் அலுமினியக் கோட்டை, பின்னால் கழிவறை வழியாக ஆறு!

இதுவும் நியூ ஆர்லியன்ஸில் நடந்ததுதான். அந்தக் கால்வாய்கள் நகரத்து மழைத் தண்ணீரைப் பம்ப் வைத்து பான்சர்ட்ரெய்ன் ஏரியில் விடுவதற்காக வெட்டியவை. ஏரிப்பக்க வாய் திறந்தே கிடந்தது. புயல் ஏரியின் மட்டத்தை உயர்த்தியதும், தண்ணீர் வெளியேற வேண்டிய வழியிலேயே ஏறி ஊருக்கு நடுவே வந்து சுவரில் சாய்ந்து நின்றது. அத்தனை அழிவுக்குப் பிறகுதான் கால்வாய் வாயில் கதவும், கதவை மூடினால் உள்தண்ணீரை இறைக்கப் பம்பும் வைத்தார்கள். என் வீட்டுக்கு அந்தக் கதவு, பிளம்பர் மாட்டிக் கொடுத்த நான்-ரிட்டர்ன் வால்வு, தண்ணீரை வெளியே மட்டும் விடும், உள்ளே திரும்ப விடாது. பலகை விலையில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. விற்பனைக்கு வந்தவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அவர்களிடம் அது விற்பனைக்கு இல்லையே.

வால்வு மாட்டினாலும் முற்றம் இருக்கிறது. ஓட்டிலிருந்து விழும் மழையெல்லாம் முற்றத்தில் இறங்கித் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போவதுதான் இந்த மாதிரி வீடுகளின் ஏற்பாடு. தெருவில் மட்டம் உயர்ந்தால் தூம்பை அடைக்க வேண்டும், அடைத்தால் முற்றம் குளமாகும். கடலோரக் கடைமடையில் ரெகுலேட்டர், அதாவது ஷட்டர் வைத்த தடுப்பு, உள்ள ஆறுகளுக்கும் இதே சங்கடம். புயல் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரைக் கடல் உள்வாங்காது. ஷட்டரை இறக்கினால் உப்புத் தண்ணீர் ஏறாது, ஆனால் மேற்கிலிருந்து வருகிற வெள்ளம் வயலிலேயே தேங்கும். ஆகவே தடுப்பு வாங்குகிறவர் இறைப்பதற்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். கரண்ட் மோட்டாரை நம்பாதீர்கள். தெருவில் தண்ணீர் ஏறினால் மின்வாரியம் லைனை நிறுத்திவிடும், நிறுத்தத்தான் வேண்டும். பெட்ரோல் பம்ப் நல்லது, ஆனால் அதை வீட்டுக்குள் வைத்து ஓட்டக் கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும். நான் திறந்த முற்றத்தின் ஓரத்தில்கூட வைக்காமல் கொல்லையில் வைத்துக் குழாயை இழுக்கிறேன்.

இன்னொன்று. கூடுதலாக இரண்டு பலகை வாங்கி மார்பளவு உயர்த்திக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம். தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், ஒரு மீட்டர் அகலத்தில் ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். அரை மீட்டர் நின்றால் அதில் கால்வாசிதான். பலகை தாங்கலாம், அதைத் திருகியிருக்கும் பழைய செங்கல் தாங்குமா? தொடையளவுக்கு மேல் தண்ணீர் வரும் என்று தெரிந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாமுக்குப் போவதுதான் சரி. எங்கள் வீட்டில் அதைத்தான் முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

விற்றபின் சேவை சுமார் என்று சொல்வதே தாராளம். கிடங்கில் வைத்திருந்தபோது எலி அடி ரப்பரைக் கடித்துவிட்டது. மாற்று ரப்பர் கேட்டால் ஒருவர் இன்னொருவரின் நம்பரைக் கொடுத்தார், அவர் முதலாமவரிடமே பேசச் சொன்னார். கடைசியில் மயிலாடுதுறையில் ஒரு கடையில் அளவு சொல்லி வெட்டி வாங்கினேன், நன்றாகவே உட்கார்ந்துவிட்டது.

பலகைக்கு 5க்கு 4 தரலாம், பொருத்திய விதத்துக்கு 2. கருங்கல் படியும் கான்கிரீட் தூண்களும் உள்ள, ஒரே வாசல் கொண்ட புதுக் கடைகளுக்குத் தயங்காமல் வாங்கலாம். முற்றம் வைத்த வீடு என்றால் முதலில் வால்வு, அப்புறம் பம்ப், மிச்சம் பணம் இருந்தால் பலகை. பின்வாசலையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், எங்களுக்கு வந்தவர்கள் முன்வாசலை மட்டுமே அளந்தார்கள். வாங்குவதாக இருந்தால் ஆவணிக்குள் சொல்லிவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் பொருத்த ஆள் வருவதில்லை.