ஹூநெட்: ஆய்வக மேசையில் தினமும் திறக்கும் மென்பொருள்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் மருந்து எதிர்ப்புக் கணக்கையெல்லாம் எக்செலில்தான் வைத்திருந்தேன். ஒரே நோயாளியிடம் ஐந்து முறை வளர்ந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவை ஐந்து பேராக எண்ணி, சதவீதத்தை எகிற வைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அப்புறம்தான் இந்தக் கணக்குக்கென்றே உள்ள ஹூநெட் (WHONET) மென்பொருளுக்கு மாறினேன்.

1989 முதல் புழக்கத்தில் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் ஒத்துழைப்பு மையம் ஒன்று பாஸ்டனில் உருவாக்கியது, இலவசம். 'ஒரு நோயாளிக்கு முதல் மாதிரி மட்டும்' என்ற தேர்வைப் போட்டால் என் பழைய தவறுக்கு இடமே இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. எஸ் (மருந்துக்குக் கிருமி அடங்கும்), ஆர் (அடங்காது) என்ற எழுத்தோடு நிற்காமல், மருந்து வில்லையைச் சுற்றி கிருமி வளராத வளையத்தின் விட்டத்தையே மில்லிமீட்டரில் பதியலாம். எத்தனை மில்லிமீட்டர் என்றால் எஸ், எத்தனை என்றால் ஆர் என்ற வரம்புகள் பின்னால் மாறினாலும் பழைய தரவை மறுபடி எடைபோடலாம். வரைபடத்தில் 15, 20, 25 ஆகிய எண்களில் மட்டும் கம்பங்கள் உயர்ந்து நின்றால், யாரோ ஸ்கேல் வைக்காமல் கண்ணாலேயே அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். (ஒருமுறை அது நானேதான்.)

முகப்பு அழகை எதிர்பார்க்க வேண்டாம். ஆய்வகக் கருவியிலிருந்து தரவை இழுக்கும் பேக்லிங்க் (BacLink) என்ற துணை நிரலை முதல் தடவை அமைக்கப் பொறுமை வேண்டும். அமைத்துவிட்டால் சரி, தட்டச்சு வேலை மிச்சம்.