கண்டியும் நுவரெலியாவும்: கல்லில் எழுதிய அதிகாரம்

கண்டியில் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. புத்தரின் புனிதப் பல்லை வைத்திருப்பவரே அரசர் என்பது மரபு. ஆகவே அந்தப் பல்லிருக்கும் தலதா மாளிகையும் அரண்மனையும் அரசவை மண்டபமும் ஒட்டி ஒட்டியே நிற்கின்றன. கடைசி நாயக்க மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மாளிகை முகப்பில் எண்கோண மண்டபத்தை எழுப்பினான், வயல்வெளியை மறித்து ஏரியும் வெட்டினான். ஏரியோரத்தில் முகில் வடிவில் எழுந்த மதில் மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது. இந்த வேலைகளுக்கு ராஜகாரியம் என்று மக்களின் உழைப்பைப் பிழிந்தது அவன்மேல் வெறுப்பை வளர்த்தது. 1815 மார்ச் 2இல் பிரித்தானியர் கண்டியைத் தம் வசமாக்கிய ஒப்பந்தத்தை அதே அரசவை மண்டபத்தில் வைத்தே முடித்தார்கள். மண்டபத்தை இடிக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். பின்னர் மாளிகைக்கு அருகிலேயே செங்கல்லில் தூய பவுல் தேவாலயம் எழுந்தது.

நுவரெலியாவில் கைப்பற்ற அரண்மனை எதுவும் இல்லை. சுமார் 1,868 மீற்றர் உயரமும் குளிரும்தான் அங்கே மதில். செங்கல் தபாலகம், 1873இல் ஆளுநர் கிரெகரி அமைத்த ஏரி, 1876இல் பிரித்தானியத் தோட்டத் துரைமாருக்கென ஹில் கிளப்: இங்கிலாந்துச் சிற்றூரின் சாயல்.

கண்டி மன்னன் தன்னைக் காட்டக் கட்டினான், துரைமார் விலகியிருக்கக் கட்டினார்கள். எனக்கு இரண்டாவதே கொடியது. அதன் மறுபாதி நகருக்குள் தெரியாது. தேயிலைத் தோட்டத்துக்குள் போனால், மேட்டில் துரை பங்களா, கீழே ஒரு தொழிலாளர் குடும்பத்துக்குப் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி லயக் காம்பரா, அதாவது வரிசை வீட்டின் ஓர் அறை.